காலிக் கோட்டையில் இறுதி இரு நாட்கள்

சுற்றுலாவின் முதல் நாளைப் பற்றிப் பேசுவோர் பலர். புறப்பாட்டின் ஆரவாரம், பஸ்வண்டியிற் கேட்கும் பாட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதம், ஜன்னலோர ஆசனத்துக்கு நடக்கும் போட்டி, இவையெல்லாம் கதையாகச் சொல்வதற்கு வாய்ப்பானவை. இறுதி நாட்களைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அப்பொழுது உடைகள் அழுக்கேறியிருக்கும். கைச்செலவுக்குக் கொண்டுவந்த காசு கரைந்திருக்கும். இருவருக்கு வயிற்றுக்கோளாறு, ஒருவருக்குத் தொண்டைக்கட்டு. முதல் நாளிற் கண்ட சாதாரண மலையை எட்டிப்பார்த்துக் கூவிய பிள்ளைகள், கடைசி நாளில் மாளிகையைக் காட்டினாலும், "இறங்க வேண்டுமா, சேர்?" என்றுதான் கேட்பார்கள். அத்தகைய இரண்டு நாட்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவை காலி நகரிற் கழிந்தவை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எம்மவர் படுவான்கரை என்று அழைக்கும் பகுதியிலுள்ள ஓர் அரசினர் பாடசாலைக்கு நான் அதிபர். சென்ற ஆண்டு விடுமுறையிலே உயர்தர வகுப்புக் கலைப்பிரிவு மாணவர் 38 பேரையும் ஆசிரியர் நால்வரையும் அழைத்துக்கொண்டு ஐந்து நாட் கல்விச் சுற்றுலாவொன்று போனோம். கண்டி, நுவரெலியா, கதிர்காமம், காலி, கொழும்பு என்பது வழி. மாணவரிற் பெரும்பாலோர் வேளாண்மைக் குடும்பத்தவர். நெல் விற்ற காசும் பால் விற்ற காசும் அந்தப் பிரயாணத்திற் சேர்ந்திருந்தன. ஆகவே அதை வெறும் பொழுதுபோக்காக ஆக்கிவிடக் கூடாது என்று நான் உறுதி பூண்டிருந்தேன். அந்த உறுதியில் ஓரளவு அகம்பாவமும் கலந்திருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

எமக்கு வழிகாட்டியாக அமைந்தவர் காலிக் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். அறுபது வயதை எட்டியவர். மெலிந்த உடல், வெள்ளைச் சட்டை, எந்நேரமும் கையில் ஒரு குடை. கண்டியில் எம்முடன் சேர்ந்துகொண்ட அவரைப் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்குள் "நானா" ஆக்கிவிட்டார்கள். நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். அவருடைய வீட்டுமொழி தமிழ் என்று அறிந்தபோது மாணவருக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. தென்மாகாணத்தின் கோடியிலே, சிங்கள மக்கள் நிறைந்த நகரொன்றின் மதிலுக்குள்ளே, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் தெருக்கள் உண்டென்று அவர்கள் கனவிலும் எண்ணியதில்லை. உண்மையைச் சொல்வதானால், அவர்களுடைய அதிபரும் அதைப் புத்தகத்தில் வாசித்திருந்தாரேயன்றிக் காதாற் கேட்டதில்லை.

நான் அதிபராவதற்கு முன் 22 ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். அவற்றுட் பெரும்பகுதி யுத்த காலம். பாதைகள் அடைபட்டுக் கிடந்த அந்நாட்களிலே காலிக்குப் போவதென்பது நினைப்பிலும் வராத காரியம். ஆயினும் காலிக் கோட்டையின் ஒவ்வொரு கொத்தளத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பார்க்காத ஊரைப் பற்றி ஆயிரம் தடவை பேசியவனுக்கு, அவ்வூரைத் தான் நன்கு அறிந்தவன் என்ற எண்ணம் ஏற்படுவது இயல்பு. வழிகாட்டி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து ஏதேனும் சொல்லத் தொடங்கியதும், என்னுடைய கழுத்து தானாகவே அவர் பக்கம் திரும்பும். ஓர் ஆண்டு பிசகினாலும் நான் எழுந்து திருத்துவேன். ஐந்து நாளில் நான் அவரைப் பதினொரு தடவை திருத்தியதாகப் பின்வரிசைப் பையன்கள் கணக்கு வைத்திருந்தார்களாம். அது எனக்குப் பின்னர் தெரிந்தது.

நான்காம் நாள் நண்பகலிற் காலியை அடைந்தோம். பழைய வாயில் என்று சொல்லப்படும் துறைமுகப் பக்கத்து வாயிலின் முன் பஸ்வண்டி நின்றது. அவ்வாயிலுக்கு இரு முகங்கள் உண்டு. வெளிமுகத்தில் ஆங்கிலேயரின் அரச இலச்சினை; உள்முகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரை. சிங்கங்கள் இரண்டு பக்கத்துக்கு ஒன்றாய் நிற்க, மேலே ஒரு சேவல். கீழே 1669 என்ற ஆண்டு. பிள்ளைகள் சேவலைப் பார்த்துச் சிரித்தார்கள். வழிகாட்டி உடனே, போர்த்துக்கேயர் கப்பலில் வந்திறங்கியபோது சேவல் கூவிய சத்தம் கேட்டதென்றும், அவர்கள் பாஷையிற் சேவலுக்கு "காலோ" என்று பெயரென்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வந்ததென்றும் சுவைபடக் கூறினார்.

நான் குறுக்கிட்டேன். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைத் தொட்டது 1505 ஆம் ஆண்டில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னதாக, 1344 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த இபன் பதூதா என்ற மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இவ்வூரைக் "காலி" என்றே குறித்துச் சென்றிருக்கிறார். சேவல் கூவிப் பெயர் வைத்திருக்க முடியாது. இவ்வளவையும் வெயிலில் நின்று உரத்த குரலிற் சொன்னேன். பிள்ளைகள் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சேர் சொல்றது சரி. புள்ளைகள் கொஞ்சம் சிரிக்கட்டும் எண்டுதான் சொன்னேன்" என்றார்.

கோட்டையைப் பற்றி நான் படித்தது பொய்யன்று. 1588 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அமைத்த சிறிய அரணை 1640 மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அன்று அவர்களை நடத்தியவன் வில்லெம் கொஸ்டர் என்ற தளபதி. இந்தப் பெயரை எங்கள் மாணவர் அறிவார்கள். ஏனெனில் 1638 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வென்ற மட்டக்களப்புக் கோட்டையோடும் அவன் பெயர் சேர்ந்தது. காலியை வென்ற அதே ஆண்டிலேயே, கண்டிக்குச் சென்று மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவன் கொல்லப்பட்டான். காலிக் கோட்டையின் கொத்தளங்களுள் ஒன்றுக்கு அவன் பிறந்த ஊரின் பெயரான அக்கர்ஸ்லூட் என்பதையே சூட்டியிருக்கிறார்கள். இவ்விபரத்தைச் சொன்னபோது, ஊர்க்காரர் ஒருவரை வெளியூரிற் கண்டதுபோல் மாணவர் சிலர் அந்தக் கொத்தளத்தைத் தேடிப்போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒல்லாந்தர் பின்னர் கட்டியெழுப்பிய மதில்தான் இன்று நாம் காண்பது. தரைப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள், கடலைச் சுற்றி மற்றவை, ஆக 14. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே ஆங்கிலேயர் 1873 ஆம் ஆண்டிற் புதிய வாயிலைத் திறந்தனர். சந்திரக் கொத்தளத்திலே 1883 ஆம் ஆண்டு ஒரு வைத்தியரின் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மதிலுக்குள்ளே தெருக்களின் அடியில் ஒல்லாந்தர் அமைத்த வடிகால்கள் ஓடுகின்றன. கடலின் ஏற்றமும் வற்றமும் உட்புகுந்து அவற்றைக் கழுவிச் செல்லுமாறு அமைத்த அந்த வேலைத்திறனைக் கண்டு வியக்காதவர் இல்லை. எங்கள் பாடசாலையின் மழைநீர்க் கானைத் திருத்துவதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதும் நான் அந்த இடத்திற் சற்று அதிக நேரம் நின்றேன்.

மாலையிலே பிள்ளைகளை மதில்மேல் உலாவ விட்டுவிட்டு, நானும் வழிகாட்டியும் சந்திரக் கொத்தளத்தில் அமர்ந்திருந்தோம். கீழே கிரிக்கெட் மைதானம். அதற்கப்பால் பஸ் நிலையம். மறுபக்கம் துறைமுகம். ஒரு காலத்தில் கீழ்த்திசைக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் யாவும் நிலக்கரி ஏற்ற நின்ற துறை அது. நீருக்கடியிற் பாறைகள் நிறைந்த துறையாதலாற் கப்பல் முதலாளிகளுக்கு அதில் எந்நாளும் அச்சம் இருந்தது. கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு 1875 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, பத்தாண்டுகளில் அதைக் கட்டிமுடித்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி பின்தங்கியது. பின்தங்கியதனாலேயே பழமை குலையாமற் தப்பியது என்றும் சொல்லலாம். 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலங்களிற் சேர்த்துக்கொண்டது. இப்பொழுது வேறொரு மாற்றம் நடைபெறுகிறது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. விடுதிகளும் கோப்பிக் கடைகளும் அவற்றில் அமர்கின்றன. தம்முடன் ஒன்றாகப் படித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் மதிலுக்குள் வாழ்கிறார்கள் என்பதை வழிகாட்டி விரலை மடித்து எண்ணிக் காட்டினார். இரண்டாம் கைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

பஸ் நிலையத்தைக் காட்டி, "கடல் வந்தது அங்கேதான் சேர்" என்றார். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி. மதில் உள்ளிருந்தோரைக் காத்தது. வெளியே நகரம் அழிந்தது. அவருடைய மைத்துனர் அன்று காலை பஸ் நிலையத்தில் நின்றவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் அந்நாளிற் கல்லடியில், கரையிலிருந்து கால் மைலில் நின்றேன் என்பதைச் சொன்னேன். என்னுடைய வகுப்பிலிருந்த இரு பிள்ளைகள் தை மாதம் பாடசாலை தொடங்கியபோது வரவில்லை. நானும் அதற்கு மேற் சொல்லவில்லை. எங்களோடு வந்த மாணவர் அனைவரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் மதில்மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் போகவேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினோம்.

இனிச் சொல்லப்போவதுதான் இவ்வுரைக்குக் காரணமானது.

பிரயாணம் தொடங்கிய நாள்முதல் நான் மாணவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். சீனப் பேரரசர் யுங்-லோவின் கட்டளைப்படி 1409 ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டு, தளபதி செங் ஹோவின் கப்பல்களில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் ஒரே கல்லில். சரித்திர நூல்கள் அதனைக் காலிக் கல்வெட்டு என்று வழங்கும். "காலியிலே உங்கள் கண்ணால் அதைக் காண்பீர்கள்; தமிழ்ப் பகுதியை நீங்களே எழுத்துக் கூட்டுவீர்கள்" என்று பாடசாலை மண்டபத்திலும் சொன்னேன்; கதிர்காமத்திலிருந்து புறப்பட்ட காலை ஒலிபெருக்கியிலும் சொன்னேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அதற்காக இரண்டு மாதம் உழைத்திருந்தாள். பழைய தமிழ் எழுத்துகளின் வடிவங்களை நூலகப் புத்தகமொன்றிலிருந்து ஒரு கொப்பியில் வரைந்து, பக்கத்தில் இக்கால எழுத்தையும் குறித்து, அழகாக அட்டையிட்டு எடுத்து வந்திருந்தாள்.

அன்றிரவு சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தங்கியிருந்த மண்டபத்திற் பாய் விரித்துக்கொண்டிருந்த வேளையில், வழிகாட்டி என்னிடம் வந்து, "சேர், கொஞ்சம் வெளியே வாங்க" என்றார். முற்றத்திலே ஒரு மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். சுற்றும் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலிற் சொன்னார்:

"சேர், நாளைக்கு அந்தக் கல்லைக் காட்டுறதாப் புள்ளைகள்கிட்ட சொல்லியிருக்கீங்க. அந்தக் கல்லு இங்கே இல்ல. கொழும்பு நூதனசாலையிலதான் இருக்கு."

நான் ஒரு கணம் அவரையும் திருத்தத்தான் வாயெடுத்தேன். பின்பு வாய் அடைத்துவிட்டது. காலிக் கல்வெட்டு என்று படித்தேன். காலிக் கல்வெட்டு என்று கற்பித்தேன். அது காலியில் நிற்கிறது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே அதைக் காலியில் நிறுத்தி, 22 ஆண்டுகள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். 1911 ஆம் ஆண்டிலே காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. அதன் பிறகு அது கொழும்புக்குப் போயிற்று. இவ்வளவுதான் செய்தி.

"எப்போது தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கதிர்காமத்தில நீங்க சொன்ன நேரமே தெரியும் சேர்."

"அப்பொழுதே சொல்லியிருக்கலாமே."

"புள்ளைகளுக்கு முன்னால சொல்ல மனம் வரல்ல" என்றார் அவர்.

நேயர்களே, அன்று நண்பகலிலே சேவற் கதைக்காக அவரை வெயிலில் நிறுத்தி நான் பேசிய பேச்சு அப்பொழுது என் காதில் மறுபடியும் ஒலித்தது. அதையும் முந்திய பத்துத் திருத்தங்களையும் அவர் நினைவில் வைத்திருந்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் அதற்கான அடையாளம் ஒன்றும் இருக்கவில்லை. ஆலோசனையும் அவரே சொன்னார்: நாளை கொழும்பிற் காலிமுகத்திடலுக்கும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கும் ஒதுக்கிய நேரத்திற் கொஞ்சம் வெட்டினால், நூதனசாலைக்குப் போக இயலும், சாரதியிடம் தாம் பேசிக்கொள்வதாகவும் கூறினார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வராமைக்குக் காரணம் வருத்தம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நான் ஒரு பொய்யை ஆக்கிக்கொண்டிருந்தேன். "கல்லைப் பாதுகாப்பு வேலைக்காக அண்மையிற் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்" என்பது அந்தப் பொய். எவ்வளவு பொருத்தமானது! எவரும் ஐயுறமாட்டார்கள். கொழும்பிற் பார்க்கப் போவதற்கும் அதுவே நியாயமாகிவிடும். அதிபரின் மதிப்புக்கும் குறைவில்லை. வழிகாட்டியும் காட்டிக்கொடுக்கமாட்டார். அதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. சோதனை மண்டபத்தில் மாணவனின் விடைத்தாளை எட்டிப்பார்த்துப் பிடிக்கும் நான், பாயிற் படுத்தபடி ஒரு பொய்யின் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவற்றின் ஓசையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில், தெற்கு முனையிலுள்ள கொடிப்பாறை என்ற இடத்துக்குப் போனோம். கப்பல்களுக்குப் பாறைகளின் அபாயத்தை அறிவிக்க முற்காலத்திற் கொடி காட்டிய இடம் அது. பிள்ளைகள் வரிசையில் நின்றதும் 38 என்று எண்ணி முடித்தேன். பிறகு, "நான் உங்களுக்கு ஒரு பிழையைச் சொல்லியிருக்கிறேன்" என்று தொடங்கினேன். அந்தப் பொய் நாக்கின் நுனி வரை வந்ததென்பதை மறைக்கவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டபடியால் அடுத்த வாக்கியமும் அதனோடு ஒட்டியே வந்துவிட்டது. கல் இங்கில்லை, எப்பொழுதும் இங்கிருப்பதாக நான் எண்ணியது என் பிழை, அதை எனக்குச் சொன்னவர் நானா, நேற்று நான் அவரைப் பேசிய முறையும் சரியன்று. இவ்வளவையும் சொன்னேன். காற்று பலமாக வீசியது. பின்வரிசையிற் கேட்கவில்லை என்றார்கள். மறுபடியும் ஒரு முறை உரத்துச் சொல்ல வேண்டியதாயிற்று!

அமைதியாக இருந்தார்கள். கொப்பியோடு வந்த மாணவி மட்டும் கையை உயர்த்தினாள்.

"கல் இருக்குதுதானே, சேர்?"

"இருக்கிறது."

"அப்ப சரி" என்று சொல்லிக் கொப்பியை மீண்டும் பைக்குள் வைத்தாள்.

கொழும்பு நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை நான் அவர்களிடமே விட்டேன். இது பெருந்தன்மையன்று, அந்நேரத்திற் கட்டளையிடும் துணிவு எனக்கு இருக்கவில்லை. பையன்கள் பலர் காலிமுகத்திடலையே விரும்பினர். அங்கே பட்டம் விடுவதற்கென ஒருவன் காலியிலேயே நூல் வாங்கி வைத்திருந்தான். கடைசியில், நூதனசாலைக்கு ஒரு மணி நேரம், திடலுக்கு மாலைப்பொழுது, புறக்கோட்டைக் கடைத்தெரு இல்லை என்று முடிவாயிற்று. தாய்மாருக்குச் சேலை வாங்கக் காசு முடிந்து வைத்திருந்த பெண்பிள்ளைகள் சிலரின் முகம் வாடியது. அந்த வாட்டம் என் கணக்கிற் சேர்வது.

அன்று முற்பகலிற் பார்த்தவற்றை விரிக்க நேரமில்லை. 1755 ஆம் ஆண்டின் ஒல்லாந்தத் தேவாலயம். அதன் தளத்திற் பதித்த கல்லறைக் கற்கள். 1848 இல் எழுந்த முதல் வெளிச்சவீடு தீக்கிரையானபின் 1939 இற் கட்டிய இன்றைய வெளிச்சவீடு. அதற்கருகே, மாதாகோயிலோ என மயங்கும்படியான தோற்றமுடைய பள்ளிவாசல்; அங்கே நானாவுக்கு எல்லோரும் உறவினர். ஒல்லாந்தரின் பழைய பண்டகசாலையில் அமைந்த கடல்சார் நூதனசாலையிலே, 1659 ஆம் ஆண்டில் இதே துறையில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற கப்பலைப் பற்றி வழிகாட்டி விளக்கினார். நான் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு தடவை என் பக்கம் திரும்பி, "சரிதானே சேர்?" என்று கேட்டார். கேலியாகவன்று, உண்மையாகவே கேட்டார்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முன்றிலில் நிற்கும் ஆலமரங்களைக் கண்டதும் பையன்களில் எட்டுப்பேர் அதன் நிழலைவிட்டு அசைய மறுத்தார்கள். ஓர் ஆசிரியரைக் காவலுக்கு வைத்துவிட்டு மற்றவர்களுடன் உள்ளே சென்றேன்.

கல்லைப் பற்றி நான் கற்பனை செய்து வைத்திருந்தது ஒன்று, கண்டது வேறு. ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெருந்தூண் என்று எண்ணியிருந்தேன். ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள பலகைக் கல்லே அது. தலைப்பகுதியிற் பறவைநாகங்கள் இரண்டு எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. வலப்புறத்திற் சீனம் மேலிருந்து கீழாக இறங்குகிறது. இடப்புறம் மேலே தமிழ். அதன் கீழே பாரசீகம். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துள்ளது. மூன்று பகுதிகளும் ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்பல்ல. சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கையைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு உரியது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான முன்னரே வாசித்து வெளியிட்டிருக்கிறார்.

அந்தக் காணிக்கையோடு வந்த கப்பற்படையே இங்குள்ள அரசன் அளகேசுவரனோடு போரிட்டு, அவனைச் சிறைபிடித்து, 1411 ஆம் ஆண்டிற் சீனத்துக்குக் கொண்டுபோயிற்று. இதை நான் சொன்னபோது ஒரு பையன், "காணிக்கையும் வைத்து, ஆளையும் பிடித்துக்கொண்டு போனார்களா, சேர்?" என்று கேட்டான். ஆம் என்றேன். அவன் கல்லைச் சற்று நேரம் சந்தேகத்தோடு பார்த்தான்.

தெனவரை என்பது எது என்று மாணவி கேட்டாள். தெவிநுவர, அதாவது தேவேந்திரமுனை என்றேன். அங்கே விஷ்ணுவுக்குப் பெருங்கோயில் ஒன்று இருந்தது. 1588 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அதை இடித்தனர். இபன் பதூதாவும் அதைக் கண்டு எழுதியிருக்கிறார். "அது எங்கே இருக்கிறது, சேர்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியை ஒருவர், "மாத்தறைக்கு அருகே, நேற்று அதைக் கடந்துதானே வந்தோம்" என்றார்.

ஆம், கடந்துதான் வந்தோம். முந்திய நாள் முற்பகல், திக்குவல்லையைத் தாண்டிய பின், வழிகாட்டி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "புள்ளைகள், இப்ப வாறது தெவிநுவர" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் உறங்குகிறார்கள், நிறுத்துங்கள் என்று கையசைத்தவன் நான். என் கண்ணும் அப்பொழுது பாதி மூடித்தான் இருந்தது. நான் திரும்பி நானாவைப் பார்த்தேன். அவர் அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருந்த வாளொன்றை மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவி கொப்பியைத் திறந்து கல்லின் முன் முழந்தாளிட்டாள். தமிழ்ப் பகுதியில் எழுத்துகள் நெருங்கியும் தேய்ந்தும் இருந்தன. கிரந்த எழுத்துகளும் இடையிடையே கலந்திருந்தமையால் அவள் எதிர்பார்த்தபடி வாக்கியமாக வாசிக்க இயலவில்லை. முதலில் ஒரு பகரத்தைக் கண்டாள். அடுத்து ஒரு டகரம். அவள் விரலால் தொடாமற் காற்றில் வரைந்து காட்ட, அருகில் நின்ற ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னார்கள். காவலாளி வந்து சத்தம் போடவேண்டாம் என்று சிங்களத்திற் சொன்னார். வழிகாட்டி அவரிடம் ஏதோ சொல்ல, அவரும் குனிந்து, அந்த எழுத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் என்பது ஒன்றரை மணியாயிற்று. ஒன்பது எழுத்துகள் ஐயமின்றித் தேறின. ஒரு முழுச்சொல்லும் கூடிவரவில்லை.

காலிமுகத்திடலை அடைந்தபோது சூரியன் கடலில் இறங்கிவிட்டது. பட்டம் ஏறவில்லை, காற்று நின்றுபோயிருந்தது. நூல் வாங்கியவன் என்னோடு அன்றிரவு பேசவில்லை.

நானாவைக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறக்கிவிட்டோம். தெற்கே செல்லும் கடைசி வண்டிக்கு அவருக்கு நேரம் சரியாக இருந்தது. பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த சிறு தொகையை வாங்க மறுத்து, பின்பு அவர்கள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். நான் பஸ்வண்டியிலிருந்து இறங்கி அவர் கையைப் பற்றினேன். சொல்ல எண்ணியவை பல. சாரதி ஊதுகுழலை அழுத்திக்கொண்டிருந்தார். "அடுத்த முறை தெவிநுவரவில ஒரு மணித்தியாலம் நிப்போம் சேர்" என்று சொல்லிவிட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சனத்துக்குள் நடந்தார்.

பஸ்வண்டி புறப்படுமுன் மறுபடியும் எண்ணினேன். 38. பாடசாலைக்குத் திரும்பிய பின், என் பழைய பாடக்குறிப்பேட்டை எடுத்து, மும்மொழிக் கல்வெட்டு என்ற தலைப்பின் கீழ் "காலியில் உள்ளது" என்றிருந்ததை வெட்டி, "காலியிற் கண்டெடுக்கப்பட்டது, 1911, கொழும்பு நூதனசாலையில் உள்ளது" என்று எழுதினேன். அதற்குக் கீழே, வருகிற ஆண்டுச் சுற்றுலாவுக்கென்று, தெவிநுவர, ஒரு மணித்தியாலம் என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.